ராட்டினத்துக்கு நேர்ந்த சேவல்

என் மாமியாருக்கு ராட்டினத்தில் ஏறவேண்டும் என்று ஆசை. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார். குன்னத்தில் எங்கள் தெருவில் எந்த வீட்டில் சண்டை வந்தாலும் கடைசியில் எங்கள் வாசலுக்குத்தான் வந்து நிற்பார்கள். அத்தை வெற்றிலையைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு நாலு வார்த்தை சொன்னால் அதோடு முடிந்தது. அப்படிப்பட்டவர், பெரம்பலூரில் பொருட்காட்சி வந்திருக்கிறதாம், நானும் போய்த் தொட்டியில் உட்கார்ந்து சுற்றிவிட்டு வருகிறேன் என்று எந்த வாயால் சொல்வார்?

ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது. கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போய்ச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. புது மருமகளுக்கு முதல் வேலையே மாமியார் முகத்தைப் படிப்பதுதானே. எழுபதுகள் முடியப்போகிற சமயம், பருத்தி எடுத்து ஓய்ந்த மாசி மாதம். பொருட்காட்சி பார்த்துவிட்டு வந்தவர்கள் தெருவில் தலை காட்டினால் போதும், அத்தை கூப்பிட்டு உட்காரவைத்துவிடுவார். மரணக்கிணற்றுக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவன், ஆளைக் குட்டையாகவும் நெட்டையாகவும் காட்டும் கண்ணாடி, முறம் அகலத்துக்கு டெல்லி அப்பளம் என்று அவர்கள் அளந்துகொண்டே போவார்கள். அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அக்கறையே இல்லாதவர் போலக் கடைசியில் ஒன்று கேட்பார்.

“அந்த ராட்டினம் மேல போவுதே, அங்கேருந்து பாத்தா என்னா தெரியுது?”

ஒருவர் பச்சைமலை முழுசாகத் தெரிகிறது என்றார். இன்னொருத்தி, பயத்தில் கண்ணை மூடிக்கொண்டேன், ஒன்றும் தெரியவில்லை என்றாள். அத்தைக்கு அவள்மேல் வந்த கோபத்தைப் பார்த்திருக்கவேண்டும். “கண்ண மூடிக்கிறவ எதுக்கு ஏறுனா? வூட்லயே படுத்துக் கண்ண மூட வேண்டியதுதானே” என்று அன்று மாடு கட்டும்போதும் முணுமுணுத்தார், அடுப்பு மூட்டும்போதும் முணுமுணுத்தார். அப்போதுதான் எனக்கு உறுதியானது. நான் மனதுக்குள் ஒரு முடிவெடுத்துக்கொண்டேன். என்ன ஆனாலும் இவரை அந்த ராட்டினத்தில் ஏற்றிப் பார்த்துவிடவேண்டும்.

அதற்கு ஒரு வழியும் தானாக வந்தது. என் வீட்டுக்காரருக்குப் பெண் தேடிய காலத்தில் வந்த ஜாதகமெல்லாம் தட்டிப்போய்க்கொண்டே இருந்ததாம். இவன் கல்யாணம் முடிந்தால் செட்டிகுளம் மலைக்கு ஒரு சேவல் கொண்டுவந்து விடுகிறேன் என்று அத்தை முருகனுக்கு நேர்ந்துகொண்டிருந்தார். கல்யாணம் முடிந்துவிட்டது, சேவல் மட்டும் பாக்கி. குன்னத்திலிருந்து செட்டிகுளம் போகப் பெரம்பலூரில் இறங்கி பஸ் மாறவேண்டும். முருகனுக்கு எல்லாச் செவ்வாய்க்கிழமையும் ஒன்றுதான். ஆனால் அத்தை எத்தனையோ செவ்வாய்க்கிழமைகளை விட்டுவிட்டு, பொருட்காட்சி முடிகிற செவ்வாய்க்கிழமையாகப் பார்த்துப் பிடித்தார்.

சேவலைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் குரும்பலூர்ப் பெண். அப்பா தையல் கடை வைத்திருந்தார், எங்கள் வீட்டில் கோழி வளர்த்ததே கிடையாது. இந்தச் செஞ்சேவலோ, என்னைக் கண்டால் கழுத்துமயிரைச் சிலிர்த்துக்கொண்டு துரத்தும். வாசல் தெளிக்கப் போகும்போது எனக்கு வலது கையில் வாளி, இடது கையில் விளக்குமாறு. விளக்குமாறு பெருக்குவதற்கு அல்ல. “மாமியாருக்குப் பயப்படாதவ சேவலுக்குப் பயப்படறா” என்று அத்தையே சிரிப்பார்.

அன்றைக்கு அத்தையோடு நானும் வீட்டுக்காரரும் கிளம்பினோம். பஸ்ஸில் கூட்டம். சேவலைக் காலைக் கட்டி மஞ்சப்பையில் இறக்கி, தலை மட்டும் வெளியே தெரிய அத்தை இடுக்கிக்கொண்டு நின்றார். எங்கள் பக்கத்து பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்கள் நிற்பவர்களின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வது வழக்கம், பிள்ளையைக்கூட வாங்கிக்கொள்வார்கள். ஜன்னலோரத்து அம்மா ஒருவர் கையை நீட்டினார்.

“இங்க குடுங்கம்மா, நான் வெச்சுக்கறேன்.”

அத்தை சட்டென்று பின்வாங்கினார். “இது நேந்துக்கிட்ட சேவலும்மா. கை மாறக்கூடாது. மாறுச்சுன்னா வாங்குனவங்க வேண்டுதலாப் போயிடும். அவங்க ஒண்ணு வேண்டிக்கிட்டு, அது பலிச்ச பொறவு அவங்கதான் கொண்டுபோய் மலையில வுடணும்.”

அந்த அம்மா தீயைத் தொட்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார். “ஆத்தாடி, எனக்கு வேணாம். ஏற்கெனவே சமயபுரத்துக்கு ஒரு ஆடு நிக்குது.”

இந்த வழக்கம் அத்தையின் பிறந்த வீட்டிலிருந்து வந்தது. எனக்கு அன்றுதான் தெரியும். நேர்ந்தவர் கையிலேயே சேவல் இருக்கவேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டேன். அதுதான் எங்களுக்கு வினையாகப் போகிறது என்று தோன்றவில்லை.

பெரம்பலூரில் இறங்கியதும் நான்தான் ஆரம்பித்தேன். “அத்தை, செட்டிகுளம் பஸ்ஸுக்கு நேரம் கெடக்கு. சும்மா அந்தப் பக்கம் போய்ப் பாத்துட்டு வரலாமா?” அத்தை ஒரு நிமிஷம் யோசிப்பது போல் நின்று, “நீ ஆசப்படறியேன்னு வரேன்” என்றார். சொல்லிவிட்டு எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் அவர்தான் நடந்தார். கடைசி நாள் என்பதால் மத்தியானமே திறந்திருந்தார்கள். மைதானத்துத் தட்டிகளுக்கு மேலே ராட்டினம் பாதிக்குத் தெரிந்தது. தொட்டிகள் ஏறி மறைய, உள்ளிருந்து ஜனங்கள் கத்துகிற சத்தம். அத்தையின் நடை இன்னும் கூடியது.

வாசலில் ஒரு தகரப் பலகை. ‘உள்ளே கொண்டுவரக் கூடாதவை’ என்று சிவப்புப் பெயிண்டில் தலைப்பு. அத்தைக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் உரக்கப் படித்தேன். தின்பண்டம், கத்தி, கம்பு, குடை. பெயிண்டில் எழுதியது அதோடு சரி. அதற்குக் கீழே சுண்ணாம்பால் வேறு வேறு கையெழுத்தில் சேர்த்துக்கொண்டே போயிருந்தார்கள். அரிவாள், கரும்பு, சின்ன வெங்காய மூட்டை, மண்ணெண்ணெய் டின், ஏர்க்கொழு, ஆடு, கோழி.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பெயிண்டில் எழுதியதை எந்த ஊரிலோ எழுதிக் கொண்டுவந்திருக்கிறார்கள். சுண்ணாம்பில் எழுதியதெல்லாம் எங்கள் ஜனங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. எங்கள் பக்கத்தில் யாரும் பொருட்காட்சிக்கென்று தனியாக டவுனுக்கு வருவதில்லை. கொழு தட்டக் கொல்லுப்பட்டறைக்கு வருவார்கள், மண்ணெண்ணெய் வாங்க வருவார்கள், வெங்காயம் போட வருவார்கள். வந்த கையோடு ராட்டினம். போன வாரம் ஒரு விடைக்கோழி கைநழுவிப் பறந்து மரணக்கிணற்றுக்குள் விழுந்துவிட்டதாம். மோட்டார் சைக்கிள்காரன் அதற்கு வழிவிட்டு ஓட்டியதுதான் அன்றைக்கு நல்ல வேடிக்கை என்று டிக்கெட் கிழிக்கும் காக்கிச் சட்டைக்காரர் சொன்னார். மறுநாளே ‘கோழி’ பலகையில் ஏறிவிட்டது.

“சேவல்னு போடலியே” என்றார் அத்தை.

“சேவலும் கோழிதாம்மா.”

“இது சாமி சேவலுங்க. முருகனுக்கு.”

“யாருக்குன்னாலும் உள்ள வுட முடியாதும்மா.”

செட்டிகுளத்து முருகன் கையில் கரும்போடு நிற்பவர். அது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அத்தை பலகையையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். “கத்தி கம்புன்னு வேலயும் வேணாங்கறீங்க, கரும்பு வேணாங்கறீங்க, சேவலு வேணாங்கறீங்க. அப்ப அந்த முருகனே வந்து நின்னாலும் வுட மாட்டீங்களா?”

காக்கிச் சட்டைக்காரர் லேசுப்பட்டவர் இல்லை. “எல்லாத்தயும் வெளிய வெச்சுட்டு, மயிலயும் அந்தப் புளியமரத்துல கட்டிட்டு வரட்டும். தாராளமா வுடறேன்” என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது இதுதான்.

அவர் காட்டிய புளியமரத்தடி ஒரு தனிப் பொருட்காட்சியாக இருந்தது. உள்ளே போகக்கூடாத சாமான்களோடு வீட்டுக்கு ஒருவர் காவல் உட்கார்ந்திருந்தார்கள். தாழ்ந்த கிளைகளில் குடைகள் தொங்கின. கட்டுச்சோற்று மூட்டை கட்டிக்கொள்ளாமல் எங்கள் ஜனங்கள் அடுத்த தெருவுக்குக்கூடப் போகமாட்டார்கள். ஆகவே மரத்தடியில் புளிச்சோறும் எலுமிச்சஞ்சோறும் ஒரு வீட்டுத் தூக்கிலிருந்து இன்னொரு வீட்டு இலைக்குப் போய்க்கொண்டிருந்தன. ஏர்க்கொழுவை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் யாரோ கொடுத்த முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தார். உள்ளே போனவர்களைவிட இவர்கள்தான் சந்தோஷமாக இருந்தார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

சேவலை மரத்தில் கட்டிவிட்டுப் போகலாமே என்றார் என் வீட்டுக்காரர். கடைசி நாள் கூட்டத்தில் கட்டிவிட்டுப் போனால், வந்து பார்க்கும்போது குழம்பாகியிருக்கும். அது அவருக்கே தெரியும். யாரிடமாவது கொடுக்கலாம் என்றால் கை மாறக்கூடாது. அத்தை மரத்தடியில் போய் நின்றுகொண்டார்.

“நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. எனக்கு என்னாத்துக்கு அந்த ராட்டினமும் மண்ணாங்கட்டியும்?”

எனக்கு மனசே இல்லை. ஆனால் புது மருமகள் வாசலில் நின்று அடம் பிடிக்க முடியுமா? போனேன். நேரே ராட்டினத்துக்குத்தான் போனோம். தொட்டி மேலே ஏறியது. உச்சியில் ஒரு கணம் நின்று ஆடியபோது பச்சைமலை தெரிந்தது, ரோடு தெரிந்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் புளியமரமும் தெரிந்தது. அத்தை நிழலை விட்டு வெயிலுக்கு வந்து நின்றிருந்தார். கழுத்தை நீட்டி ராட்டினத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் தொட்டி இறங்கினால் அவர் தலையும் இறங்கியது, ஏறினால் ஏறியது. அவர் கக்கத்தில் இருந்த சேவலும் அதே மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இறங்கியதும் மரணக்கிணறு, அப்பளம் எதையும் பார்க்காமல் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

“என்னா, அதுக்குள்ள வந்துட்டீங்க?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அத்தை அடுத்ததைக் கேட்டார். “மேலேருந்து என்னா தெரிஞ்சுது?”

“நீங்களே போய்ப் பாருங்க அத்தை. சேவல அவர் புடிச்சுக்குவார்.”

“புடிச்சா அவன் வேண்டுதல் ஆயிடுமே.”

“ஆவட்டுமே” என்றார் வீட்டுக்காரர். “கெணத்துல தண்ணி ஊறணும்னு வேண்டிக்கறேன், குடு.”

“அது பலிச்சாத்தானே சேவல வுட முடியும்? ஐப்பசி மழை வர்ற வரைக்கும் இதப் புடிச்சுக்கிட்டு இந்த மரத்தடியிலயே நிப்பியா?”

மரத்தடி முழுவதும் சிரித்தது. இது அவர்களுக்குப் புது வேடிக்கை. ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ஒரு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “புதுப்பொண்ணு இருக்கும்போது என்னா வேண்டறதுன்னு சொல்லியா குடுக்கணும்?” என்றார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. அத்தை கொஞ்சமும் அசராமல், “அதுக்குப் பத்து மாசம் ஆவும், அதுவரைக்கும் பொருட்காட்சி இருக்குமா?” என்று கேட்டார். கேட்ட பிறகுதான் தாம் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே உறைத்தது. பொருட்காட்சியைப் பற்றி அவருக்கு என்ன கவலை? உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார்.

அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு வழி தெரிந்துவிட்டது. இன்றைக்கே, இந்த இடத்திலேயே பலிக்கிற வேண்டுதலாக இருக்கவேண்டும். அவ்வளவுதானே?

“நான் வேண்டிக்கறேன் அத்தை. குடுங்க.”

“நீயா? தொடவே மாட்டியேடி.”

நான் கையை நீட்டினேன். செட்டிகுளத்துத் திசை எதுவென்று தெரியவில்லை, ஏதோ ஒரு பக்கம் பார்த்துச் சொன்னேன். “முருகா, எங்க மாமியா இந்த ராட்டினத்துல ஏறி, நல்லபடியா சுத்தி எறங்கணும். எறங்குனா இந்தச் சேவல ஒனக்கு வுடறேன்.”

அத்தை என்னைப் பார்த்தபடி நின்றார். ஏர்க்கொழுப் பெரியவர்தான் முதலில் பேசினார். “அந்தப் பொண்ணு வேண்டிடுச்சு. இனிமே ஏறலன்னா சாமிக் குத்தம்.”

“ஆமாம், சாமிக் குத்தம்” என்று மரத்தடி முழுவதும் சொன்னது. காக்கிச் சட்டைக்காரரும் வாசலை விட்டு எட்டிப் பார்த்து, “ஏறிடுங்கம்மா, எங்களுக்கு எதுக்கு வம்பு” என்றார்.

“நானா ஆசப்பட்டு ஏறறேன்? இந்தப் புள்ள வேண்டித் தொலச்சுருச்சே” என்று அலுத்துக்கொண்டே அத்தை சேவலை என் கையில் வைத்தார். அது ஒரு தரம் இறக்கையை அடித்து, காலால் என் மணிக்கட்டைக் கீறியது. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன், விடவில்லை. திறந்து பார்க்கும்போது அத்தை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மகன் கையைப் பிடித்து இழுத்து வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தார். மகன்தான் பின்னால் ஓடினார்.

முதல் சுற்றில் அத்தை தொட்டிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரிந்தது. ஆனால் கண்ணை மூடவில்லை. இரண்டாம் சுற்றில் ஒரு கையை விட்டார். அப்புறம் எழுந்த குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பஞ்சாயத்து பேசுகிற குரல் அல்ல, மாட்டை அதட்டுகிற குரலும் அல்ல. ஒரு சின்னப்பெண் கிணற்றில் குதிக்கும்போது கூவுகிற குரல். “ஏ புள்ள! நம்ம கொல்லை தெரியுதுடி! நம்ம வேப்பமரம் தெரியுதுடி!” என்று கத்தினார். குன்னத்து வேப்பமரம் பெரம்பலூரில் எப்படித் தெரியும்? தெரியாது. ஆனால் மரத்தடியில் ஒருவரும் அதை மறுத்துப் பேசவில்லை. நானும் சேவலைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டி, “தெரியுது அத்தை, தெரியுது!” என்று கத்தினேன். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை என் கல்யாணத்தன்றுகூட நான் அனுபவிக்கவில்லை. கல்யாணத்தில் பயம்தான் இருந்தது.

ராட்டினம் நின்ற பிறகும் அத்தை இறங்கவில்லை. நல்லபடியாகச் சுற்றினோமா என்று சாமிக்குச் சந்தேகம் வரக்கூடாதாம், இன்னொரு தரம் சுற்றினார்.

பொழுது சாயும்போது செட்டிகுளம் மலையில் ஏறினோம். சேவல் என் கையில்தான் இருந்தது. மறுபடி கை மாறிவிடக்கூடாது என்று அத்தை அதைத் தொடவே இல்லை. வழியெல்லாம் ராட்டினப் பேச்சுதான். மலைமேல் அதன் கால்கட்டை அவிழ்த்து நான் விட்டபோது, ஒன்றும் நடக்காதது போல இறகை உதறிக்கொண்டு நடந்துபோனது. எத்தனை மாதம் என்னை ஓட ஓட விரட்டியது அது. போகிறதைப் பார்க்கக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

இறங்கும்போதுதான் வீட்டுக்காரருக்கு நினைவு வந்தது. “ஏம்மா, இது அவ வேண்டுதலுக்குப் போயிடுச்சு. என் கல்யாணத்துக்கு நேந்தது அப்படியே நிக்குதே?”

“அது எங்க போவுது” என்றார் அத்தை. “அடுத்த வருசம் பாத்துக்கலாம்.”

அடுத்த வருஷம் பொருட்காட்சி வந்தபோது அத்தை இன்னொரு சேவலை வளர்த்துத் தயாராக வைத்திருந்தார். அதே வாசலில் காக்கிச் சட்டைக்காரரிடம் அதே சண்டையைப் போட்டார். அதே புளியமரத்தடியில் என்னைப் பார்த்து, ஒன்றும் தெரியாதவர் போல, “இப்ப என்னா பண்ணலாங்கற?” என்று கேட்டார். நான் கையை நீட்டினேன். அந்த வருஷம் என் தோளில் பச்சைப்பிள்ளை இருந்தது, மறு கக்கத்தில் சேவல். எண்பதுகளில் பொருட்காட்சி வந்த வருஷமெல்லாம் இப்படித்தான் நடந்தது. பலகையில் சுண்ணாம்பெழுத்து கூடிக்கொண்டே போனது. செட்டிகுளத்து முருகனுக்கு எங்கள் வீட்டிலிருந்து போன சேவல்கள் எல்லாமே ராட்டினத்துக்கு நேர்ந்தவை. கல்யாணத்துக்கு நேர்ந்தது ஒன்றுகூடப் போகவில்லை.

பிற்பாடு அத்தைக்கு முழங்கால் விட்டுப்போயிற்று. பஸ் படிகூட ஏற முடியவில்லை. ஒருநாள் கோழிக்குத் தீனி இறைத்துக்கொண்டே கேட்டேன். இப்போது எனக்குச் சேவலிடம் பயமில்லை. “அத்தை, என் கல்யாணச் சேவல் இன்னும் பாக்கி நிக்குது. நானாவது கொண்டுபோய் வுட்டுட்டு வரட்டுமா?”

அத்தை வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். தீர்ப்புச் சொல்லும்போது அப்படித்தான் செய்வார். “வேணாம் புள்ள. குடுத்துட்டா நீ வந்த கணக்குத் தீந்து போயிடும். அது பாக்கியாவே கெடக்கட்டும்.”

அத்தை போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு நான் எத்தனையோ முறை அந்த மலைக்குப் போயிருக்கிறேன். தேங்காய், பழம், பூ எல்லாம் கொண்டுபோவேன். சேவல் மட்டும் கொண்டுபோவதில்லை.